டம்டம்: தோட்டாவுக்குப் பெயர் கொடுத்த ஊர்

கொல்கத்தாவின் டம்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்குபவர்கள் யாரும் நிற்பதில்லை. பாதிப் பேருக்குப் புறநகர் ரயிலைப் பிடிக்க வேண்டும். மீதிப் பேருக்கு விமானத்தை. 1984-இல் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே ரயில் வந்து சேர்ந்த ஊர் இது. ஆனால் உலகம் இந்த ஊரை அறிந்திருப்பது ரயிலுக்காக அல்ல. ஒரு தோட்டாவுக்காக.

பெயரைக் கேட்டதும் தமிழ்க் காதில் வெடிச்சத்தம்தான் விழும். 'டம் டம்' என்று வெடிப்பதால் வந்த பெயர் என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. ஊர் முந்தியது, தோட்டா பிந்தியது. வங்காளிகளின் வாயில் இது 'தம்தம்'. மண்மேட்டையும் பீரங்கி மேடையையும் குறிக்கும் 'தம்தமா' என்ற சொல்லிலிருந்து வந்ததாகக் கூறுகிறார்கள். பெயருக்குப் பொருத்தமாக 1783 முதல் 1853 வரை வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையகம் இங்கேதான் இருந்தது.

நாகேர் பஜாரில் ஆட்டோக்களின் நெரிசலைத் தாண்டினால் கிளைவ் மாளிகை, பாதி இடிந்து நிற்கிறது. 1928 முதல் எச்.எம்.வி. இசைத்தட்டுகள் தயாரானதும் டம்டமில்தான். நம் தாத்தாக்கள் கேட்ட கச்சேரிகளில் பல இங்கிருந்து தட்டுகளாக வந்தவை. ஜெசோர் சாலையில் படைக்கலத் தொழிற்சாலையின் நீண்ட மதில். அதை ஒட்டி நடந்தபோது எதிரே டீக்கடைக்காரர் எச்சரித்தார்: "தாதா, கேமராவை வெளியே எடுக்காதீர்கள்." தோட்டாவைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். "எங்களுக்கு இங்கே கேட்கிற ஒரே சத்தம் விமானச் சத்தம்தான்."

கடித்துக் கிழித்த தோட்டா

டம்டமின் தோட்டாக் கதை இரண்டு முறை உலகத்தை உலுக்கியது. முதல் முறை 1857 ஜனவரியில். அன்றைய தோட்டா காகிதப் பொட்டலம்தான். உள்ளே மருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும். புதிய என்ஃபீல்டு துப்பாக்கிக்கான பொட்டலங்களில் கொழுப்பும் தடவியிருந்தது. அந்தத் துப்பாக்கியைப் பழக்க ஏற்படுத்திய மூன்று பயிற்சி மையங்களில் ஒன்று டம்டம்.

கிடங்கில் வேலை செய்த ஒரு கலாசி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தீட்டாகிவிடும் என்று சிப்பாய் சொம்பைத் தர மறுத்தார். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவை வாயால் கடிக்கும்போது உங்கள் சாதி என்ன ஆகும் என்று கலாசி திருப்பிக் கேட்டார். கேப்டன் ரைட் என்ற அதிகாரி ஜனவரி 22 அன்று இதை மேலிடத்துக்கு எழுதினார். எந்த விலங்கின் கொழுப்பு என்பதில் தனிக் கவனம் எடுக்கவில்லை என்று அதிகாரிகளே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மார்ச் 29-இல் பக்கத்துப் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். மே 10-இல் மீரட் எழுந்தது. தண்ணீர் மறுக்கப்பட்ட அந்தத் தொழிலாளியை வட இந்தியத் தலித் மக்களின் வரலாறு மாதாதீன் என்ற பெயரில் கொண்டாடுகிறது.

விசித்திரம் என்னவென்றால், கடிக்கவே தேவையில்லாத தோட்டா அதே 1857-இல் விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஒரு சிறிய ரிவால்வரை வெளியிட்டது. அதற்கு முன், 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வரில்கூட ஒவ்வொரு அறையிலும் மருந்தைக் கொட்டி, குண்டை அழுத்தி, பின்னால் வெடிமூடி பொருத்த வேண்டும். ஆறு குண்டும் தீர்ந்தால், மீண்டும் நிரப்பும்வரை எதிரி காத்திருக்க மாட்டான். புதிய ரிவால்வரில் மருந்து, குண்டு, வெடிப்பொருள் மூன்றும் ஒரே செப்புக் கூட்டுக்குள் அடங்கின. ஏழு குண்டு கொள்ளும், விட்டம் வெறும்.22 அங்குலம். சுழல் அறையை முழு நீளத்துக்கும் துளைக்கும் உரிமை ரோலின் ஒயிட் என்பவரின் காப்புரிமையில் இருந்ததால், 1869-இல் அது காலாவதியாகும்வரை மற்ற அமெரிக்க நிறுவனங்கள் தவித்தன. பிறகு உலோகத் தோட்டா எங்கும் பரவியது. 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் வெப்ளி ரிவால்வரை ஏற்றது. உடைத்துத் திறந்தால் காலிக் கூடுகள் தாமாக மேலெழுந்து வரும்.

இரண்டாவது கதை

நிரப்பும் சிக்கல் தீர்ந்ததும் வேறு கேள்வி வந்தது: சுட்ட ஆள் விழுகிறானா? 1895 சித்ரால் படையெடுப்பில், புதிய .303 துப்பாக்கியின் மெல்லிய, உலோக உறையிட்ட குண்டு உடலைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, எதிரி ஓடி வந்துகொண்டே இருக்கிறான் என்று புகார். டம்டம் ஆயுதச்சாலையின் கேப்டன் பெர்ட்டி-கிளே உறையை நுனியில் மட்டும் திறந்துவிட்டார். ஈயம் உடலுக்குள் பூப்போல் விரிந்தது. காயம் கோரமானது. 1897-98 திராஹ் போரில் அஃப்ரீதி, ஒரக்சாய் பட்டாணியர் மீது அது பாய்ந்தது. ரிவால்வரும் பின்தங்கவில்லை. 1898-இல் வெப்ளிக்காக நுனியில் குழிவிட்ட தோட்டா வந்தது. அதற்கு வழங்கிய பெயரே 'மேன் ஸ்டாப்பர்', அதாவது ஆளை நிறுத்துவது.

1899-இல் ஹேக் மாநாடு கூடியது. விரியும் குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனத்தை பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. நாகரிகமான போர்வீரன் குண்டடி பட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டியோ ஈட்டியோடு தொடர்ந்து வருவான் என்பது பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டாவின் வாதம். வாதம் தோற்றது. ஜூலை 29 அன்று பிரகடனம் உருவானது. 'மேன் ஸ்டாப்பர்' திரும்பப் பெறப்பட்டது. 1907-இல் பிரிட்டனும் பிரகடனத்தை ஏற்றது.

ஆனால் பிரகடனத்துக்குள் ஒரு வரி இருக்கிறது. கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் நடத்தும் போருக்கு மட்டுமே அது பொருந்தும். எந்தப் பட்டாணியனின் உடலில் அந்தக் குண்டு சோதிக்கப்பட்டதோ, அவனுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. ஐரோப்பியன் மேல் ஐரோப்பியன் சுடக்கூடாது, அவ்வளவுதான். துப்பாக்கிப் புத்தகங்கள் தோட்டாவின் கதையைக் காகிதத்திலிருந்து செம்புக்கு வந்த முன்னேற்றமாகச் சொல்கின்றன. டம்டமிலிருந்து பார்த்தால் வேறு கதை. 1857-இல் சிப்பாயின் வாய். 1897-இல் பட்டாணியனின் உடல். இருவரையும் யாரும் கேட்கவில்லை.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான 1998-ஆம் ஆண்டின் ரோம் சட்டத்தில், விரியும் குண்டைப் போரில் பயன்படுத்துவது போர்க்குற்றம். ஆனால் பல நாடுகளின் போலீசார் உள்நாட்டில் அதே வகைக் குண்டைப் பயன்படுத்துகிறார்கள். குண்டு குற்றவாளியின் உடலைத் தாண்டி வழிப்போக்கனைத் துளைக்கக்கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். நம் கான்பூரில் உரிமம் பெற்றவர்களுக்காகத் தயாராகும் .32 ரிவால்வர் ஏற்பதும் 1896-இல் பிறந்த அமெரிக்கத் தோட்டாவைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அவ்வளவு எளிதில் முடிவதில்லை.

மாலையில் நாகேர் பஜார் திரும்பியபோது, கலாசிக்கோ பட்டாணியருக்கோ ஒரு பலகைகூட கண்ணில் படவில்லை. டீக்கடைக்காரரிடம் விடைபெறும்போது தண்ணீர் கேட்டேன். யார், என்ன என்று கேட்காமல் சொம்பை நீட்டினார்.