கைராசியும் கழுத்து நோவும்

எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். அதில் ஆறு பேருக்குக் கழுத்து நோ. ஒருத்தி பக்கம் வடிவமைக்கிறவள், ஒருவன் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறவன், மிச்சப் பேர் கம்பஸ். வேலை வேறு வேறாக இருந்தாலும் இருக்கிற இருப்பு ஒன்றுதான்: முதுகு வளைந்து, நாடி முன்னுக்கு நீண்டு, கண் திரையில். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்க முன்னம், "மச்சான், இந்தப் பக்கம் திருப்பேலாமக் கிடக்கு" என்று யாராவது ஒருவர் தொடங்குவார். பிறகு அரை மணித்தியாலத்துக்குப் புத்தகம் திறபடாது.

இந்த விஷயத்தில் நாங்கள் எப்போதும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "பரியாரியாரிட்டப் போய் ஒருக்கா உருவிப்போட்டு வா, பறந்திடும்" என்னும். மற்றக் கட்சி, "இயன்மருத்துவரிட்டக் காட்டு, எக்ஸசைஸ் சொல்லித் தருவினம்" என்னும். போன மாரியில் இரண்டு கட்சியிலிருந்தும் ஒவ்வொரு ஆள் போய்ப் பார்த்தது.

கணக்குக்காரன் உருவப் போனான். பரியாரியார் அவனை வாங்கில் இருத்தி, சூடாக்கின எண்ணெயைப் பிடரியில் விட்டு, பெருவிரலால் தோள்மூட்டு வரைக்கும் இழுத்து இழுத்து உருவினாராம். "தம்பி, தோளை விடும். ஏன் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிறீர்?" என்று கேட்டாராம். தான் தோளை இறுக்கிப் பிடித்திருப்பதே அப்போதுதான் தனக்குத் தெரிந்தது என்றான். சித்த வைத்தியத்தில் இதைத் தொக்கணம் என்பார்கள். தட்டல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை இருக்கிறது. அன்றிரவு அவனுக்கு நல்ல நித்திரை. நாலாம் நாள் நோ திரும்பி வந்தது. இவனும் திரும்பப் போனான். மூன்றாம் தரம் போகவேண்டி வந்தபோது மாதக் கடைசி, கையில் காசில்லை.

வடிவமைப்புக்காரி ஆஸ்பத்திரிக்குப் போனாள். விடியவே வரிசை, பிறகு இயன்மருத்துவப் பிரிவில் இன்னொரு வரிசை. கடைசியில் கால் மணித்தியாலத்தில் மூன்று பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். நாடியைக் கீழே குனியாமல் நேரே பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது. தோள்பட்டை எலும்பு இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று தொடப்போவதுபோலச் சேர்ப்பது. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் கைக்கு எதிராகத் தள்ளுவது. எல்லாவற்றுக்கும் படம் போட்ட தாளும் ஒன்று. முதல் வாரம் ஒழுங்காகச் செய்தாள். இரண்டாம் வாரம் நோ கொஞ்சம் கூடின மாதிரி இருக்க விட்டுவிட்டாள். "தாள் எங்கயடி?" என்று கேட்டோம். "ஜீன்ஸுக்குள்ள வைச்சுத் தோய்ச்சுப்போட்டன்" என்றாள்.

ஆக இரண்டு கட்சிக்கும் தோல்வி. சரி, வாசித்துப் பார்ப்போம் என்று இருந்தோம். எங்களுக்கு ஓரளவு தெரிந்த வேலை அதுதானே.

2007 இல் பின்லாந்தில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. நாட்பட்ட கழுத்து நோ உள்ள 125 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வாரம் இரண்டு தரம் கைச்சிகிச்சை, மற்றப் பகுதிக்கு வீட்டில் வாரம் ஐந்து தரம் தசையை நீட்டுகிற பயிற்சி. நாலு வாரத்தில் இரண்டு பக்கமும் நோ குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. 2012 இல் அமெரிக்காவில் 272 பேரை வைத்துச் செய்ததில், முள்ளந்தண்டைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை மருந்தைவிட நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் ஒரு மணித்தியாலப்படி இரண்டே இரண்டு தரம் சொல்லிக் கொடுத்து வீட்டில் செய்யவிட்ட பயிற்சியும் அதற்குக் கிட்டத்தட்டச் சமனாக நின்றது. 2011 இல் டென்மார்க்கில், 198 பேர் பத்துக் கிழமை இறப்பர் பட்டியை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 2 நிமிடம் செய்தவர்களுக்கும் நோ குறைந்தது, 12 நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது.

இதை வாசித்த பிறகு எங்கள் இரண்டு கட்சியும் கொஞ்சம் அடங்கிப்போனது. உருவுவது சும்மா இல்லை. கை படும்போது நரம்புகள் நோவின் சத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றன, இறுகின தசை விடுகிறது. ஆனால் அது பெரும்பாலும் கொஞ்ச நாளைக்குத்தான். தசைக்குப் பலம் சேர்ப்பது பயிற்சி. அதற்குக் கிழமைகள் ஆகும், தொடக்கத்தில் கொஞ்சம் நோகவும் செய்யும். இதை முதலே தெரிந்திருந்தால் எங்கள் ஆள் இரண்டாம் வாரத்தில் விட்டிருக்கமாட்டாள். நோ குறைந்திருக்கிற அந்த மூன்று நாலு நாளுக்குள் பயிற்சியைத் தொடங்கினால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்லுகிற வைத்திய வழிகாட்டல்களும் இருக்கின்றன.

இந்த அறிவோடு எங்களில் ஒருத்தியின் அம்மாவிடம் போனோம். அவர் தையல்காரி. இருபது வருசமாக மெசினில் குனிந்தபடி இருக்கிறவர். மாதம் ஒருக்கா ஒரு அன்ரி வந்து எண்ணெய் போட்டு உருவி விடுவார். "அம்மா, அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். வீட்டிலயே எக்ஸசைஸ் செய்தால் காணும்" என்று பின்லாந்து, டென்மார்க் எல்லாம் சொன்னோம். அவர் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே கேட்டார்: "நாள் முழுக்க நான் என்ன சும்மாவோ இருக்கிறன்? அதுக்குப் பிறகு அதையும் நானே செய்யோணுமோ?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. பயிற்சிக்குக் காசு தேவையில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அதற்கு நேரம் வேண்டும், மனம் வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் தனக்கென்று நிற்க ஒரு இடம் வேண்டும். அந்த அம்மாவுக்கு, தன்னுடைய உடம்பை இன்னொருவர் கவனிக்கிற நேரம் மாதத்தில் அந்த ஒன்றுதான். அதைத்தான் வேண்டாம் என்று சொல்லப் போயிருந்தோம்.

இன்னொரு பிழையும் விட்டோம். எங்களில் ஒருவனுக்கு நோ கையால் இறங்கிக்கொண்டிருந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் விறைக்குது என்று இரண்டு மூன்று ஞாயிறு சொன்னான். "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று விட்டுவிட்டோம். அவன் சலூனில் தலைமயிர் வெட்டப் போய், கழுத்தையும் 'டக்' என்று முறித்துக்கொண்டு வந்தான். அந்தச் சத்தம் எலும்பு இடத்துக்குப் போகிற சத்தம் இல்லை; மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழோடு சம்பந்தப்பட்டது. கழுத்தெலும்புகளுக்குள்ளால் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடிகள் ஏறுகின்றன. இப்படி முறித்த பிறகு அவை கிழிந்து பாரிசவாதம் வந்த சம்பவங்கள் அரிதாக என்றாலும் பதிவாகியிருக்கின்றன. இவனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமை தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து விழுந்தபோதுதான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கழுத்தில் நரம்பு வேர் ஒன்று அழுத்துப்படுகிறது என்றார். இப்போது வைத்தியத்தில் இருக்கிறான், பிடி மெல்ல மெல்லத் திரும்புகிறது.

ஆகவே வாசிக்கிற உங்களுக்கும் சொல்லிவைக்கிறோம். கை விறைத்தால், பிடி தளர்ந்தால், நடை தடுமாறினால், காய்ச்சலோடு கழுத்து இறுகினால், விழுந்தோ அடிபட்டோ நோ வந்தால், ஒருநாளும் இல்லாத தலையிடி திடீரென்று வந்தால், உருவவும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். முதலில் டொக்டர்.

இப்போது எங்கள் கூட்டத்தில் நடுவில் ஐந்து நிமிடம் எல்லோரும் எழும்பி நிற்கிறோம். நாடியைப் பின்னுக்கு இழுக்கும்போது எட்டுப் பேரும் வாத்துக் கூட்டம் மாதிரித்தான் இருப்போம். தனியே செய்யும்போது இரண்டு கிழமையில் விட்டவள், சேர்ந்து செய்வதால் நாலு மாதமாக விடவில்லை. கணக்குக்காரன் இன்னமும் இடைக்கிடை பரியாரியாரிடம் போகிறான், ஆனால் முந்தி மாதிரி நாலு நாளைக்கு ஒருக்கா இல்லை.

அந்த அம்மாவுக்கு மகள் பின்னேரத்தில் பத்து நிமிடம் தோளை உருவி விடுகிறாள். அது முடிய இரண்டு பேரும் சுவரோடு நின்று பயிற்சி செய்கிறார்கள். போன கிழமை நாங்கள் போனபோது, "எப்படி அம்மா, கழுத்து?" என்று கேட்டோம்.

"பரவாயில்லை பிள்ளையள், குறைஞ்சு கிடக்கு" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "அதுக்காக உருவிறதை விட்டிடாதை" என்றார்.