கைப்பிடியில் ஒரு முகம்

மண்வெட்டிக்குப் பிடி போடக் கொடுத்தால், எங்கள் ஊர்த் தச்சர் முதலில் ஐயாவின் கையைத்தான் பார்ப்பார். உள்ளங்கையின் அகலத்தை மனதில் வாங்கிக்கொண்டு மரத்தைச் சீவுவார். அந்த மண்வெட்டி எனது கைக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. அலகு கொல்லனுடையது, பிடி மட்டும் அதை ஏந்துபவனுக்கே உரியது.

துப்பாக்கிக்கும் அப்படித்தான். பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற தளபதியான ஜோர்ஜ் பட்டன், 1916இல் வாங்கிய கொல்ட் .45 சுழல்துப்பாக்கியின் பிடிக்கு யானைத்தந்தத் தகடுகளைப் பொருத்தித் தனது பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்திருந்தார். அதே ஆண்டு மெக்சிக்கோவில் நடந்த மோதலொன்றின் பின்னர், அந்தத் தந்தத்தில் இரண்டு கீறல்களை வெட்டினார். அது இறந்தவர்களின் கணக்கு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் வேறொன்று செய்தார்கள். எம்1911 கைத்துப்பாக்கியின் பிடித்தகடுகள் ஒவ்வொன்றும் இரண்டு திருகாணிகளில் நிற்பவை. அவற்றைக் கழற்றிவிட்டு, சிதைந்த விமானங்களிலிருந்து எடுத்த பிளெக்சிகிளாசை அதே வடிவில் அறுத்து, அரத்தால் ராவி, துளையிட்டு, மினுக்கி, அதனடியில் மனைவியின் அல்லது காதலியின் படத்தை வைத்துப் பூட்டினார்கள். சிலர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டனர், குண்டுகள் எத்தனை மிச்சம் என்று பார்ப்பதற்காக. ஒரு பக்கம் முகம், மறுபக்கம் குண்டு.

அத்தகைய பிடிகளின் படங்களைப் பார்த்தபோது 1996 நினைவுக்கு வந்தது. வவுனியாவில் ஒரு சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து இறக்கி எங்களை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எனது அடையாள அட்டையை வாங்கிய இளம் சிப்பாயின் ரி-56 துப்பாக்கியின் மரப்பிடியில், ஒரு குழந்தையின் சிறிய படம் செலோடேப்பினால் ஒட்டப்பட்டிருந்தது. அவர் அட்டையிலிருந்த படத்தையும் எனது முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். நான் பார்ப்பதைக் கண்டதும் உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டார். "போங்க" என்றார்.

அன்று நான் அனுப்பிய செய்தியில் இந்தக் காட்சி இல்லை. பின்னரும் எழுதவில்லை. எழுதினால், எங்கள் பக்கத்தில் மாண்ட குழந்தைகளை மறந்தவன் ஆகிவிடுவேனோ என்று அஞ்சினேன். அந்த அச்சம் நியாயமானது. ஆயினும், கண்டதைக் காணாதவன்போல் இருந்ததும் ஒருவகைப் பொய்தான் என்று இப்போது படுகிறது.

அந்தப் படம் துப்பாக்கியைச் சாதுவாக்கிவிடவில்லை. குழந்தை சிரித்துக்கொண்டிருந்த பிடிக்கு அப்பால், குழல் எங்கள் வரிசையை நோக்கியே இருந்தது. ஆனால் அந்தப் பிடியை ஏந்தியவனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது என்பதை, அதன் பின்னர் என்னால் மறக்க முடியவில்லை.

அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயதளவில் இருக்கும். தகப்பன் வீடு திரும்பியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இத்தனை காலத்தின் பின்னர் இன்றுதான் அதை எழுத்தில் வைக்கிறேன்.