மயிரிழைத் தயக்கம்

18 மாதங்கள் காத்திருந்த பின்னர், எனக்கென்றே செய்யப்பட்ட, வளைந்த மேற்பலகை கொண்ட ஆர்ச்டாப் கிதார் சென்ற வாரம் என் மடியை வந்தடைந்தது. 1922-இல் கிப்ஸன் நிறுவனத்தார் வெளியிட்ட எல்-5 வாத்தியம், வட்டத் துவாரத்தை விடுத்து வயலினின் எஃப் வடிவத் துவாரங்களை ஏற்றது முதல் வளர்ந்து வந்த பரம்பரையின் வாரிசு இது. கனத்த ஸ்ப்ரூஸ் கட்டையை உளியாலும் சிறு இழைப்புளியாலும் குடைந்து குடைந்து, விரலால் தட்டி நாதத்தைச் செவிமடுத்து, இன்னும் ஒரு மயிரிழை சீவலாமா, வேண்டாமா என்று இதைச் செய்த சிற்பி தயங்கிய தயக்கத்துக்கே நான் பணம் கொடுத்தேன் என்பேன். (கழுத்தின் அகலத்தை நிர்ணயிக்க அவர் என் இடக்கை அளவைக் கேட்டபோது, வளையலுக்கு அளவு கொடுக்கும் மணப்பெண்ணைப் போல் நாணினேன்!) புது மரமாகையால் கிதார் சற்று இறுக்கமாகவே பேசுகிறது; இரவில், வீடு உறங்கிய பின், ஒரே ஒரு ஸ்வரக்கூட்டை மீட்டி, அது அடங்கும் வரையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விலை என்னவென்று மனைவி இன்னும் கேட்கவில்லை.