பகைவனுக்கும் ஒரு துளிக் கண்ணீர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் வத்திராயிருப்பு. இங்கு வாழும் எங்களுக்கு நீர் என்றால் கண்மாயும் பிளவக்கல் அணையுந்தான். கடற்போர் என்பது செய்தித்தாளில் படித்து மறக்கும் சங்கதி. எனினும், 1971ஆம் ஆண்டுப் போரில் மூழ்கிய 'காஜி' என்னும் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு என் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது.

அமெரிக்கக் கடற்படைக்காக 1944இல் கடலில் இறக்கப்பட்ட கப்பல் அது. அப்போது அதன் பெயர் 'டயாப்ளோ'. 1964இல் பாகிஸ்தானின் கைக்கு வந்து 'காஜி' ஆயிற்று. இந்தியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடல் வரை வந்து போரிடும் வலிமை அந்நாட்டின் கப்பல்களுள் அதற்கு மட்டுமே இருந்தது. நம் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்'தை மூழ்கடிக்கும் நோக்கத்துடன், 1971 நவம்பர் 14 அன்று அது கராச்சியிலிருந்து புறப்பட்டது. கமாண்டர் சபர் முகமது கான் உட்பட 93 பேர் அதில் இருந்தனர்.

அப்போது கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். சென்னையில் நின்ற விக்ராந்தை அவர் மறைவாக அந்தமானுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் அது விசாகப்பட்டினத்தருகே இருப்பதுபோல் ஒரு நாடகம் அரங்கேறிற்று. 'ராஜ்புத்' என்னும் பழைய போர்க்கப்பல், விக்ராந்தின் பெயரில் கம்பியில்லாச் செய்திகளை அனுப்பியது. ஒற்றர் காதில் விழட்டும் என்றே பெருமளவில் உணவுப் பொருள்களுக்கும் சொல்லி வைத்தார்கள். இல்லாத கப்பலைத் தேடிக் காஜி விசாகப்பட்டினத்தை நெருங்கியது. டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி, துறைமுகத்துக்கு வெளியே அது வெடித்து மூழ்கியது. ராஜ்புத் வீசிய நீரடிக் குண்டுகளே காரணம் என்றது இந்தியா; தன் கண்ணிவெடிகளாலேயே அழிந்தது என்றது பாகிஸ்தான். ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் விசாகப்பட்டினம் சென்றிருந்தேன். அங்கே கடற்கரையில், அதே போரில் பணியாற்றிய நம் 'குர்சுரா' நீர்மூழ்கி 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. குனிந்தும் ஒடுங்கியும்தான் உள்ளே நடக்க வேண்டியிருந்தது. டார்பிடோக்களை அடுத்தே வீரர்கள் உறங்கும் பலகைகள். ஜன்னல் கிடையாது. கால் மணி நேரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. இத்தகைய இருளில்தானே அந்த 93 பேரும் கராச்சியிலிருந்து வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணியபோது, 'பகைவன்' என்ற சொல் என் நாவில் எழவில்லை.

கிருஷ்ணனின் சூழ்ச்சியை நான் குறை கூறவில்லை. விக்ராந்தில் இருந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களைக் காப்பது அவர் கடமை. தவறியிருந்தால் நம் வீடுகளில் அழுகுரல் எழுந்திருக்கும். உண்மையில் எழவும் செய்தது. டிசம்பர் 9 அன்று தியூ அருகே, 'ஹாங்கோர்' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி நம் 'குக்ரி' கப்பலைத் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மடிந்தனர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு தாமும் மூழ்கினார். நாம் காஜியின் அழிவைக் கொண்டாடினால், அவர்கள் குக்ரியின் அழிவைக் கொண்டாடுவதை எவ்வாறு பழிப்போம்?

காஜியின் உடைந்த உடல் விசாகப்பட்டினத்துக்கு அருகே கடலடியில் கிடப்பதை நம் கடற்படையின் மீட்புக் கலம் கண்டறிந்ததாக 2024இல் செய்தி வந்தது. இறந்தோருக்குரிய மரியாதையின் பொருட்டு அதனைத் தொடாமல் விட்டார்களாம். வென்றவர்கள் காட்டிய அந்தப் பண்பை நான் வெற்றியினும் மேலாக மதிக்கிறேன். நாட்டைக் காப்பது வேறு, பகையைக் காப்பது வேறு. மகனின் கல்லறையைக் காணாமலே கண்மூடிய தாய்மார் இரு கரைகளிலும் இருந்தார்கள். நாம் மனம் வைத்தால், அவர்கள் அனைவருக்காகவும் ஒருசேரத் துயருற நம்மால் இயலும்.