மூன்றாவது கால்

பழைய கம்ப்யூட்டர் கேம் ஜாய்ஸ்டிக்கின் பிடி, இப்போது ஐம்பது ரூபாய், நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கட்டைவிரல் குமிழுக்கு வராது. கை நிறையப் பிடிக்கலாம். விட்டால் ஸ்பிரிங் ‘டக்’கென்று நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். ரோபோ ஓட்ட அதுதான் சுகம். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால், பதினைந்து பின் பிளக்கோடு ஏதாவது கிடக்கிறதா என்று என் கண் தேடும்.

அதை அப்படியே ரோபோவை இயக்கும் அர்டுயினோ போர்டின் அனலாக் பின்னில் செருகினால் எண்கள் இஷ்டத்துக்கு ஆடும். ஜாய்ஸ்டிக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தப் பின் அளப்பது வோல்டேஜை; வோல்டேஜ் கொடுப்பது ஜாய்ஸ்டிக்கின் வேலையே இல்லை. 1981-இல் ஐபிஎம் பிசிக்கு வந்த கேம் அடாப்டர் வோல்டேஜை அளக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கின் ரெசிஸ்டன்ஸ் வழியே ஒரு கப்பாசிட்டரை நிரப்பி, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தது. குடம் நிரம்பும் நேரத்தை வைத்துக் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வதுபோல. 100 கிலோ ஓம் என்றால் சுமார் 1.1 மில்லி செகண்ட். என்ன சிக்கனம்!

இதற்கு ஜாய்ஸ்டிக்குக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின், அதாவது ‘பாட்’டின், இரண்டு கால்களே போதும். ஒன்றில் 5 வோல்ட், நடுக்காலில் சிக்னல். மூன்றாவது கால் சும்மா நிற்கும். அதை கிரவுண்டில் இணைத்தால் நடுக்காலில் அளக்கத்தக்க வோல்டேஜ் வரும்.

ஜாய்ஸ்டிக்கைப் பிரிக்கச் சோம்பல்படுபவர்கள் வெளியே சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுச் சமாளிப்பார்கள். வேலை நடக்கும். ஆனால் ஒரு கோடியில் 5 வோல்ட், மறுகோடியில் 2.5, நடுவிலோ 3.33. ஒரு பக்கம் ரோபோ பாயும், மறுபக்கம் தயங்கும். புரோகிராம் எழுதிச் சரிசெய்யலாம்தான். நான் ஸ்க்ரூவைக் கழற்றி மூன்றாவது காலை கிரவுண்டில் சால்டர் வைத்துவிடுவேன். ஐந்து நிமிட வேலைக்கு ஐம்பது வரி எதற்கு?

அதோடு முடியாது. நேராகத் தள்ளினால் ரோபோ லேசாக ஒதுங்கும். அர்டுயினோ ஊனோவின் சிப் 10 கிலோ ஓமுக்குள் இருக்கும் சிக்னலைத்தான் விரும்பும். நம் பாட் நடுவில் 25 கிலோ ஓம். அதனால் ஒரு அச்சின் மிச்சம் அடுத்த அச்சின் அளவில் கலந்துவிடுகிறது. ஒவ்வொரு பின்னிலும் 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் வைத்தால் அடங்கும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. கேபிள் பிடுங்கிக்கொண்டு பின்னில் 0 வந்தால், ரோபோவுக்கு அது முழுவேகப் பின்னோட்டம். பாட்டின் இரு கோடியிலும் 10 கிலோ ஓம் சேர்த்தால் நல்ல சிக்னல் 0.42 வோல்ட்டுக்குக் கீழோ 4.58 வோல்ட்டுக்கு மேலோ போகாது. கேபிள் போனால் பின் 0-க்கு இறங்க, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். அந்த எல்லையை நன்றாகத் தாண்டி எது வந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும். ரோபோவைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சக்கரம் சுழலும்போதே கேபிளைப் பிடுங்கிப் பார்த்த பிறகுதான் தரையில் இறக்குவேன்.