பட்டியலுக்கு வெளியே

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றால், வீரபாண்டி எவ்வளவு மாறிவிட்டது என்பது செவிக்கே புலப்படும். கொங்குத் தமிழும் மதுரைத் தமிழும் ஒலித்த இடத்தில் இன்று சாத்ரியும் குருக்கும் ஒடியாவும் கலந்து ஒலிக்கின்றன. பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக் இயந்திரங்களிலும் செக்கிங் மேசைகளிலும் உழைக்க வந்த ஜார்க்கண்ட், ஒடிசா இளையோர் அவர்கள். அவர்களுள் பலர், 1885இல் சோட்டா நாகபுரிக்கு வந்த இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அடிகளாரின் பணியில் வேரூன்றிய திருச்சபையின் பிள்ளைகள்.

அவர்களை நான் கண்டுகொண்டதோ ஒரு துன்ப காலத்தில்தான். 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது, கம்பெனிகள் அடைபட்டன. அன்பியப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அரிசியும் பருப்பும் வழங்கினோம். ஒரு குடும்பமும் விடுபடவில்லை என்று உள்ளூரப் பெருமிதம் கொண்டேன். மறுநாள் வாயிலில் நான்கு பெண்கள் வந்து நின்றனர். "எந்த அன்பியம்?" என்று கேட்டேன். கேள்வி விளங்காத ஒருத்தி, கழுத்திலிருந்த செபமாலையைத் தூக்கிக் காட்டினாள். நான் தலைகுனிந்தேன்.

அன்றிரவு திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை வாசித்தேன். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர் என்ற முறையீடு எழுந்தபோது, எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஸ்தேவான் முதல் அந்தியோக்கியா நகரத்து நிக்கோலா வரை அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குருமடத்தில் பலமுறை படித்த பகுதிதான். அதன் பொருள் அன்றுதான் உறைத்தது. தொடக்கத் திருச்சபை முறையிட்டோருக்கு உணவை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை; பகிர்ந்தளிக்கும் பொறுப்பையே அவர்களைச் சார்ந்தோர் கையில் கொடுத்தது.

அடுத்த ஆண்டு, வந்தவர்களுள் இருவரைப் பங்குப் பேரவையில் சேர்க்க முன்மொழிந்தேன். "சாமி, நாளைக்குக் கோயிலே அவங்களுதாயிடும்" என்றார் பெரியவர் ஒருவர். மூதாட்டி ஒருவர் எழுந்தார். "நாங்க திண்டுக்கல்லுலருந்து வந்து இறங்கினப்பவும் இதையேதான் சொன்னாங்க" என்றார். பேரவையில் சிரிப்பு எழுந்தது, பிறகு அமைதி. இருவரும் உறுப்பினராயினர்.

மாற்றம் எளிதாக வரவில்லை. முதற்கூட்டங்களில் அவர்கள் வாய்திறவாது அமர்ந்திருந்தனர். நாங்களும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேட மறந்திருந்தோம். பின்னர், உதவி பெறுவோர் பட்டியலை அவர்களையே தயாரிக்கச் சொன்னோம். தம் ஊரார் பெயர்களை மட்டுமே எழுதுவர் என்று சிலர் அஞ்சினர். பட்டியல் வந்தது. அதன் முதற்பெயர், அவர்கள் தங்கியிருந்த லைன் வீட்டின் கடைசி அறையில் தனியே வாழ்ந்த தமிழ்க் கைம்பெண் ஒருவருடையது. எங்கள் அன்பியப் பட்டியல் எதிலும் அவர் இல்லை.

அன்பு வாசகர்களே, உங்கள் பங்கின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு, அதை எழுதிய கை யாருடையது என்றும் கேட்டுப் பாருங்கள்.