லாக் நெஸ் பக்கத்தில் ஒரு வெதுவெதுப்பான வீடு

தரை சுடுகிறது என்றால் நமக்குச் சித்திரை மாதத்து மொட்டை மாடிதான் ஞாபகம் வரும். வடாம் பிழியப் போனால் காலை மாற்றி மாற்றி வைத்துக் குதிப்போமே, அந்தச் சூடு! வீட்டுத் தரையைக் காசு கொடுத்துச் சூடாக்கிக்கொள்கிற மனிதர்களும் இருக்கிறார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஸ்காட்லாந்தின் வடக்கே, மகளின் பிரசவத்துக்காக ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டு வந்த எனக்கு, அந்தத் தரையின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

2024 நவம்பர் கடைசியில் போனேன். லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் இரவு ஒன்பது மணி சுமாருக்குப் படுக்கை வசதியுள்ள ரயிலில் ஏறினால், மறுநாள் காலை இன்வர்னஸ். விடிகிற நேரத்துக்கு ஜன்னல் வழியே பார்க்கிறேன், மலையெல்லாம் வெள்ளை. ஊர் அழகான ஊர்தான். நடுவில் நெஸ் ஆறு. அதன் மேல் 1881-ல் கட்டிய ஒரு தொங்கு பாலம், நடந்தால் லேசாக ஆடுகிறது. ஆற்றங்கரைக்கு மேலே சிவப்புக் கல் கோட்டை. ஆனால் டிசம்பரில் காலை ஒன்பது மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது, மத்தியானம் மூன்றரைக்கெல்லாம் அஸ்தமனம்! சுற்றிப் பார்த்தது கொஞ்சம், வீட்டுக்குள் இருந்தது அதிகம். அதனால் நான் எழுதப்போவதும் வீட்டைப் பற்றித்தான்.

மகளுடைய வீடு இன்வர்னஸிலிருந்து லாக் நெஸ் ஏரிப் பக்கம் போகிற சாலையில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. மாடி இல்லாத வீடு. அந்தக் கிராமத்துக்குக் காஸ் குழாய் வரவில்லை. பழைய வீடுகளில் எல்லாம் கொல்லையில் ஒரு எண்ணெய்த் தொட்டி, அதிலிருந்து பாய்லர். இவர்கள் வீட்டில் தொட்டியும் இல்லை, பாய்லரும் இல்லை. வெளிச்சுவர் ஓரமாக, ஏ.சி.க்கு வெளியே வைப்பார்களே, அதே போல ஒரு பெட்டி. கொஞ்சம் பெரிசு. அதன் விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதும்மா, நம்ம ஃபிரிட்ஜ் மாதிரிதான். உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துப் பின்னாடி விடுதில்லே? இது வெளியே காத்துலே இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள்ளே விடுது" என்றாள் மகள்.

"வெளியிலேதான் ஐஸ் உறையுதே, அதிலே ஏதுடி சூடு?"

இதற்கு மாப்பிள்ளை விளக்கம் சொன்னார். நமக்கு மைனஸ் ஐந்து என்றால் நடுக்கம். ஆனால் அந்த இயந்திரத்துக்குள் ஓடுகிற திரவம் அதைவிடக் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அது ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைக் காற்றிலிருந்து உறிஞ்சுகிறது. அந்த ஆவியை கம்ப்ரஸர் அழுத்தினால் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிவிடும். மின்சாரம் செலவாவது இந்த அழுத்துகிற வேலைக்குத்தான். அதனால் ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் சுமார் மூன்று யூனிட் சூடு கிடைக்கிறது. வெறும் மின்சார ஹீட்டர் என்றால் ஒன்றுக்கு ஒன்றுதான். ஹீட் பம்ப் என்று பெயர். இப்படிச் செய்யலாம் என்று 1852-லேயே எழுதியவர் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன். நாம் பள்ளிக்கூடத்தில் கெல்வின் என்று படித்தோமே, அவரேதான்! அவருடைய யோசனை அவருடைய நாட்டுக் கிராமத்துக்கு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2024 ஏப்ரலிலிருந்து, புதிதாக அனுமதி வாங்கிக் கட்டும் வீடுகளில் காஸ், எண்ணெய் பாய்லர் வைக்கக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

சரி, அந்தச் சூடு எங்கே போகிறது? தரைக்குள்! கட்டும்போதே, அடியில் சூடு இறங்காமலிருக்கத் தடிமனான அட்டை போட்டு, அதன் மேல் விரல் பருமன் பிளாஸ்டிக் குழாயை ஜிலேபி பிழிவது போல வளைத்து வளைத்துப் பரப்பி, மேலே சிமெண்டுக் கலவை கொட்டி ஓடு பதித்திருக்கிறார்கள். குழாயில் ஓடுகிற தண்ணீர் 35 டிகிரி சுமார், நம் உடம்புச் சூட்டைவிடக் குறைச்சல். பழைய வீடுகளில் சுவரோரம் இருக்கிற ரேடியேட்டருக்கு 60, 70 டிகிரித் தண்ணீர் வேண்டும். இங்கே தரை முழுவதுமே ரேடியேட்டர் என்பதால் அத்தனை சூடு தேவைப்படுவதில்லை. தரையைத் தொட்டுப் பார்த்தால் "சூடு" என்றே சொல்ல மாட்டீர்கள். சில்லென்று இல்லை, அவ்வளவுதான். கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் காயும், முதுகு குளிரும் என்கிற கதை இங்கே கிடையாது.

ஆனால் இந்த வீட்டில் முதல் குளிர்காலம் இவர்களுக்குச் சுகமாகப் போகவில்லை. 2022 டிசம்பரில் மட்டும் 1,150 யூனிட். முந்நூறு பவுண்டுக்கு மேல் பில்! மகள் போனில் அழாத குறை. இயந்திரத்தைப் பொருத்திய ஆட்கள், தண்ணீர்ச் சூட்டை 50 டிகிரியில் வைத்துவிட்டு, கையேட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏன் என்று கேட்டால், "குளிர்கிறது என்று யாரும் புகார் செய்யக்கூடாதே" என்று பதில். அந்த ஊரில் ஒரு யூனிட் மின்சாரம் காஸைப்போல நாலு மடங்கு விலை. இந்த இயந்திரத்திடம் சூடு அதிகம் கேட்கக் கேட்க, அது மின்சாரத்தை அதிகமாகக் குடிக்கும். ஒவ்வொரு டிகிரி குறைத்தாலும் இரண்டு மூன்று சதவீதம் மிச்சம்.

என் பெண் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். இரண்டு நாளைக்கு ஒரு டிகிரியாக இறக்கி, ஒவ்வொரு அறையிலும் தெர்மாமீட்டர் பார்த்து எழுதினாள். கடைசியில், வெளியே 15 டிகிரி இருந்தால் தண்ணீர் 25, வெளியே மைனஸ் 5 என்றால் 38 என்று, இயந்திரமே வெளிக்குளிரைப் பார்த்துத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி அமைத்தாள். 2023 டிசம்பரில் 800 யூனிட். குளிரும் அந்த வருடம் சற்றுக் குறைவுதான், ஆனாலும் பெரிய வித்தியாசம்தானே!

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இது பிடிபடவே இல்லை. காலையில் வெளியே போகும்போது அணைத்துவிட்டு, சாயங்காலம் வந்து முழு வேகத்தில் போடுவார். பத்து மணிக்குத் தூங்கப் போகும்போதுதான் வீடு சூடாகும்! நம்மைப்போல் விசிறி, விளக்கு அணைத்தே பழகிய கைக்கு, ஓடிக்கொண்டே இருக்கிற இயந்திரத்தைப் பார்த்தால் மனசு பதறத்தான் செய்கிறது. எனக்கு விஷயம் விளங்கியது லாக் நெஸ் ஏரியைப் பார்த்தபோதுதான். சுற்றிலும் பனி, ஏரி மட்டும் உறையவில்லை. எந்தக் குளிர்காலத்திலும் உறைவதில்லையாம். சுமார் 230 மீட்டர் ஆழம், அத்தனை தண்ணீரும் மெதுவாகச் சூடு வாங்கி மெதுவாக விடுகிறது. சிமெண்டுத் தரையும் அந்த ஜாதிதான். அவசரத்துக்குச் சூடாகாது, அவசரப்பட்டு ஆறவும் செய்யாது.

டிசம்பர் நடுவில் பேத்தி பிறந்தாள். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸம்மா முதலில் கேட்டது அறையின் சூடு எத்தனை என்றுதான். குழந்தை தூங்குகிற அறை 16-லிருந்து 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்குள் குல்லாய் வேண்டாம், மூட்டை மாதிரி சுற்ற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். குழந்தைக்கு அதிகச் சூடும் ஆபத்தாம். தூக்கத்திலேயே உயிர் போகிற அபாயம் கூடுகிறது என்று அங்கே ஒவ்வொரு தாய்க்கும் சொல்லித்தருகிறார்கள். குழந்தையின் மார்பிலோ பிடரியிலோ கையை வைத்துப் பார்க்க வேண்டும். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். கை கால் சில்லென்றிருப்பது சகஜம். இரவும் பகலும் அந்த அறை பத்தொன்பதைத் தாண்டாமல் நின்றது எனக்குப் பெரிய ஆறுதல்.

வெந்நீருக்கு 200 லிட்டர் தொட்டி. தினம் 48 டிகிரி, வாரம் ஒரு நாள் மட்டும் கிருமி வளராமலிருக்க 60. பிள்ளை பெற்றவளுக்குத் தாராளமாக ஊற்றலாம். ஆனால் தொட்டி காலியானால் மறுபடி காய ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. ஆகவே அவள் காலையில், மற்றவர்கள் சாயங்காலத்தில்.

இட்லி மாவை மறந்துவிட்டேனே! குழாய்களெல்லாம் வந்து சேருகிற ஒரு அலமாரி நடையில் இருக்கிறது. அதன் கீழே தரை மற்ற இடத்தைவிடச் சூடு. அரைத்த மாவை மூடி அங்கே வைத்தால், பதினைந்து மணி நேரத்தில் பொங்கி வந்துவிடுகிறது. தயிரும் அங்கேதான் தோய்ந்தது. ஆனால் கனமான கம்பளம் விரித்தால் சூடு கீழேயே தங்கிவிடும். குழந்தையைக் குப்புற விட்டு விளையாட மெல்லிய பாய்தான் போட்டோம்.

வெளிப்பெட்டி சில நாள் திடீரென்று நின்று, குபுகுபுவென்று வெள்ளைப் புகை விடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று அலறுவார்கள். ஈரக்குளிரில் அதன் தகடுகளில் பனி படிகிறது. அதை உருக்கச் சில நிமிஷம் தன் வேலையைத் திருப்பிச் செய்கிறது, அதில் எழும் ஆவிதான் அது. உருகின தண்ணீர் நடைபாதையில் உறைந்தால் வழுக்கும், ஜாக்கிரதை.

2025 ஜனவரி இரண்டாவது வாரம் கடுமையான குளிர். வடக்கே ஆல்ட்னஹாரா என்கிற ஊரில் மைனஸ் 18.9! எங்கள் பக்கம் மைனஸ் ஏழு. அன்று ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. மின்சாரம் இல்லையென்றால் அந்தப் பெட்டி வெறும் பெட்டிதான். குழந்தைக்கு மூன்று வாரம்கூட நிரம்பவில்லை... நிரம்பி நாலாவது வாரம். எனக்கு அடிவயிறு கலங்கிற்று. மெழுகுவர்த்தி ஏற்றி, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஃபிளாஸ்கில் இருந்த வெந்நீரைப் பத்திரப்படுத்தி, ஆளுக்கொரு சால்வையோடு உட்கார்ந்தோம். மாப்பிள்ளை அரை மணிக்கொரு தரம் டார்ச் அடித்துத் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொன்னார். 19. 19. பதினெட்டரை. வெறுங்காலைத் தரையில் வைத்தபடி நான் ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தேன். விடிகாலை நாலு மணிக்கு விளக்கு வந்தது. அப்போது அறை 18 டிகிரி. பேத்தி நடுவில் ஒரு தடவை பாலுக்கு மட்டும் எழுந்தாள்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மாள், கையில் தன் வீட்டுக் கையேட்டோடு, என் மகளைத் தேடி வந்தார்.